பழந்தானுந்துகளின் எரிபொருள் குழாய்கள்

எரிபொருள் குழாய் என்பது ஒரு தானுந்தின் பெட்ரோல் தொட்டியிலிருந்து பொறிக்கு (எஞ்சின்) எரிபொருளைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி ஆகும். பல ஆண்டுகள் ஓடாமல் நிறுத்தி வைக்கப்பட்ட பழைய விளையாட்டுத் தானுந்து (ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை மீண்டும் இயக்க முற்படும்போது முதன்மையாகச் சோதிக்கப்பட வேண்டிய உறுப்புகளுள் இதுவும் ஒன்று. இக்குழாய்களின் ரப்பர்ப் பகுதிகள் பெரும்பாலும் உட்புறத்திலிருந்தே சிதையத் தொடங்குகின்றன. ஆகவே வெளித்தோற்றம் நன்றாக இருப்பது குழாய் நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது. குழாயின் வயது, அது எந்த எரிபொருளுக்காகச் செய்யப்பட்டது ஆகிய இரண்டுமே நம்பத்தகுந்த அளவுகோல்கள் ஆகும்.

இந்தியாவில் இச்சோதனைக்குத் தனிப்பட்ட முக்கியத்துவம் உண்டு. 1990களில் நிறுத்தி வைக்கப்பட்ட வண்டி ஒன்று ஈயம் கலந்த, எத்தனால் கலவாத பெட்ரோலுடன் உறங்கச் சென்றது. இன்று அது விழித்தெழுவது ஈயமற்ற, 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆகும்.

அமைப்பு

எரிபொருள் குழாய்த் தொகுதியில் பொதுவாகப் பின்வரும் பகுதிகள் இருக்கும்:

- தொட்டிக்கும் நிரப்பு வாய்க்கும் இடையிலான தடித்த ரப்பர்க் குழாய்
- வண்டியின் அடிப்பகுதியில் செல்லும் நீண்ட உலோகக் குழாய் அல்லது நெகிழிக் குழாய்
- அசையும் பகுதிகளை இணைக்கும் குறுகிய ரப்பர்க் குழாய்கள் (பணிமனைகளில் ஓஸ் எனப்படுவது)
- எரிபொருள் பம்பு மற்றும் வடிகட்டியின் இணைப்புகள்
- மீதி எரிபொருளைத் தொட்டிக்குத் திருப்பும் குழாய் (எல்லா வண்டிகளிலும் இராது)
- தொட்டியின் காற்றுப்போக்கிக் குழாய்

உலோகக் குழாயை வண்டியின் உடலோடும் பொறியை அதிர்வைத் தாங்கும் ரப்பர் மெத்தைகளோடும் பொருத்துவது வழக்கம். ஓடும்போது இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று சார்பாக அசைவதால் இடையில் வளையக்கூடிய ரப்பர்க் குழாய் தேவைப்படுகிறது. பொறியின் சூட்டிற்கு மிக அருகில் இருப்பதும் இப்பகுதியே ஆகும்.

விளையாட்டுத் தானுந்துகளில் இணைப்புகளின் எண்ணிக்கை மிகுதி. எடுத்துக்காட்டாக, 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்.ஜி.பி வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் இரு எஸ்.யூ கார்புரேட்டர்கள் பொருத்தப்பட்டன. தொட்டியும் மின்பம்பும் பின்புறத்திலும் பொறி முன்புறத்திலும் அமைந்தன. போர்ஷ் 911 வண்டியில் தொட்டி முன்புறத்திலும் பொறி பின்புறத்திலும் உள்ளன. இருவகையிலும் எரிபொருள் வண்டியின் நீளம் முழுவதையும் கடந்தே பொறியைச் சேர்கிறது.

அழுத்தம்

கார்புரேட்டர் உள்ள வண்டிகளில் எரிபொருளின் அழுத்தம் குறைவு, ஏறத்தாழ 0.2 முதல் 0.4 பார் வரை இருக்கும். மின்னணுத் தெளிப்பு முறையில் இது 2 முதல் 3 பார் வரை இருக்கும். 1970களில் பரவலான பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் இயந்திரத் தெளிப்பு முறையில் 5 பார் அளவை எட்டும். குறைந்த அழுத்தத்தில் சொட்டும் விரிசல் உயர் அழுத்தத்தில் நுண்துளித் தெளிப்பாக மாறும். எனவே தெளிப்பு முறை வண்டியில் கார்புரேட்டர் வண்டிக்குரிய குழாயைப் பொருத்துதல் கூடாது.

பம்பின் இடத்தைப் பொறுத்துக் கசிவின் அடையாளமும் மாறும். பின்புறத்தில் மின்பம்பு உள்ள வண்டியில் பம்பு முதல் பொறி வரையிலான குழாய் முழுதும் அழுத்தத்தில் இருப்பதால் விரிசலில் பெட்ரோல் வெளியேறும். பொறியின் மேல் பொருத்தப்பட்ட இயந்திரப் பம்போ தொட்டியிலிருந்து உறிஞ்சுகிறது. இவ்வகையில் தொட்டி முதல் பம்பு வரையிலான விரிசலில் பெட்ரோல் சொட்டுவதில்லை. காற்றே உள்ளே புகுகிறது. கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயில் சிறு ஓட்டை இருந்தால் நீர் கசியாது, ஆனால் மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு நீர் ஏற்றாமல் நிற்கும். இதுவும் அத்தகையதே. வண்டி வேகமெடுக்காமல் திணறுவதைக் கார்புரேட்டரின் குறையாகக் கருதி அதையே பலமுறை கழற்றிப் பூட்டுவது இதனால் நேரும் வழக்கமான தவறாகும். பொறியை அணைத்த பின் தொட்டியின் மட்டம் விரிசலைவிட உயரமாக இருந்தால் அதே விரிசல் சொட்டத் தொடங்கலாம்.

மூலப்பொருட்களும் அவை முதுமையடையும் விதமும்

நைட்ரைல் ரப்பர்

பழைய வண்டிகளின் ஓஸ்களில் உட்புறம் நைட்ரைல் ரப்பராலும், வெளியுறை வெயிலையும் ஓசோனையும் தாங்கும் நியோப்ரீன் போன்றவற்றாலும் ஆனதாக இருப்பது வழக்கம். ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் இளக்கிப் பொருட்களை எரிபொருள் சிறிது சிறிதாகக் கரைத்தெடுத்துவிடுகிறது. குழாய் பெட்ரோலால் நனைந்திருக்கும் வரை உப்பிய நிலையில் இருப்பதால் இவ்விழப்பு தெரிவதில்லை. வண்டி நிறுத்தப்பட்டுப் பெட்ரோல் ஆவியாகிக் குழாய் உலரும்போது ரப்பர் சுருங்கி, இறுகி, வெடிக்கிறது. நாள்தோறும் ஓடும் வண்டியின் குழாயைவிட நிறுத்தி வைத்த வண்டியின் குழாய் விரைவில் கெடுவதற்கு இதுவே காரணம்.

சில குழாய்களில் உட்பூச்சு மட்டும் உரிந்து மடல் போலத் தொங்கும். குறைந்த வேகத்தில் பெட்ரோல் அதைக் கடந்து செல்லும். வேகமெடுக்கும்போது அம்மடல் அடைப்பானாக மாறிவிடும். உதிர்ந்த ரப்பர்த் துகள்கள் கார்புரேட்டரின் ஊசி வால்வில் சிக்கினால் வால்வு மூடாமல் பெட்ரோல் வழிந்து வெளியேறும்.

துணிப்பின்னல் உறையுள்ள ஐரோப்பியக் குழாய்களிலும், எஃகுப் பின்னல் உறையுள்ள பந்தயக் குழாய்களிலும் ரப்பரின் விரிசலை உறை மறைத்துவிடுகிறது. இவற்றைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க இயலாது.

எஃகு

எஃகுக் குழாய் இரு புறமும் துருப்பிடிக்கும். வெளிப்புறத்தில், குழாயைப் பிடிக்கும் கிளிப்புகளுக்கு அடியில் சேறும் ஈரமும் தங்குவதால் அவ்விடங்கள் முதலில் அரிக்கப்படுகின்றன. உட்புறத்தில், பெட்ரோலைவிட அடர்த்தி மிகுந்த நீர் தாழ்வான வளைவுகளில் தேங்கி அரிக்கிறது.

செம்பும் நெகிழியும்

செம்புக் குழாய் துருப்பிடிக்காது. எனினும் தொடர் அதிர்வால் இறுகி, இணைப்புகளின் அருகே முறியக்கூடியது. செம்பு-நிக்கல் உலோகக்கலவைக் குழாய் இக்குறையைப் பெரிதும் தவிர்க்கிறது. நைலான் குழாய்கள் முதுமையில் நொறுங்கும் தன்மை அடைகின்றன. பழைய நைலான் குழாயை வளைத்துப் பார்ப்பதே அதை உடைத்துவிடலாம்.

எரிபொருளின் மாற்றம்

இந்தியாவில் ஈயமற்ற பெட்ரோல் 1995 ஏப்ரல் 1 அன்று சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் அறிமுகமாகி, 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 5 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2003 சனவரியில் 9 மாநிலங்களிலும் 4 ஒன்றியப் பகுதிகளிலும் தொடங்கப்பட்டது. 10 விழுக்காடு என்னும் இலக்கு 2022 சூனில் எட்டப்பட்டது. 20 விழுக்காடு எத்தனால் கொண்ட ஈ20 பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கியது; 2025இல் நாட்டின் சராசரிக் கலப்பும் 20 விழுக்காட்டை எட்டியது.

எத்தனால் பழைய குழாய்த் தொகுதியை மூன்று வழிகளில் பாதிக்கிறது:

1. எத்தனாலுக்காக வடிவமைக்கப்படாத ரப்பரை உப்பச் செய்து அதன் வலிமையைக் குறைக்கிறது.
2. காற்றின் ஈரத்தை ஈர்க்கிறது. கலவையில் நீரின் அளவு ஒரு வரம்பைக் கடந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்குகின்றன. 10 விழுக்காடு கலவையில் இவ்வரம்பு 15 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஏறத்தாழ அரை விழுக்காடு நீர் ஆகும். அடியில் தங்கும் இப்படலம் எஃகையும், ஈயம்-வெள்ளீயப் பூச்சையும், துத்தநாகத்தையும் அரிக்கிறது.
3. சிறந்த கரைப்பான் ஆதலால் பல ஆண்டுகளாகப் படிந்திருந்த பிசினையும் துருவையும் பெயர்த்து வடிகட்டிக்கும் கார்புரேட்டருக்கும் கொண்டுசெல்கிறது.

மூன்றாவது விளைவு சில வேளைகளில் மறைமுகமாக ஆபத்தை விளைவிக்கும். துளையுற்ற எஃகுக் குழாயில் பழைய பிசினே துளையை அடைத்துக்கொண்டிருக்கலாம். புதிய பெட்ரோல் அதைக் கரைத்த பின்னரே, அதாவது வண்டி சில நாட்கள் நன்றாக ஓடிய பின்னரே, கசிவு தோன்றும்.

தீ ஆபத்து

பெட்ரோலின் தீப்பற்று நிலை ஏறத்தாழ -43 பாகை செல்சியசு. அதாவது எந்தத் தமிழ்நாட்டுக் காலநிலையிலும் அதன் ஆவி எரியத் தயாராகவே உள்ளது. காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு முதல் 7.6 விழுக்காடு வரை பெட்ரோல் ஆவி இருந்தால் ஒரு பொறி பட்டதும் தீப்பற்றும். ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது ஆதலால் தரையிலும், பழுதுபார்க்கும் குழியிலும் தேங்குகிறது.

விளையாட்டுத் தானுந்துகள் பலவற்றில் கார்புரேட்டர்களும் புகைபோக்கிக் கிளைக்குழாயும் பொறியின் ஒரே பக்கத்தில் அமைந்துள்ளன. ஓடும் பொறியின் கிளைக்குழாய் சில நூறு பாகை வெப்பத்தை அடைகிறது. மேலிருக்கும் ஓஸில் ஏற்படும் கசிவு நேராக அதன் மேல் விழும். மின்கலம், மின்பகிர்வி, மின்னாக்கி ஆகியவையும் அதே அறைக்குள் இருப்பவை. வண்டி ஓடும் நிலையில் தீப்பிடித்தால் பம்பு இயங்கும் வரை எரிபொருள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும்.

சோதனை முறை

முன்னேற்பாடு

மின்கலத்தின் இணைப்பை முதலில் நீக்க வேண்டும். வண்டி காற்றோட்டமான இடத்தில், குழிக்கு மேல் அல்லாது, சமதரையில் நிற்க வேண்டும். பெட்ரோல் தீக்கு ஏற்ற உலர்தூள் அல்லது நுரைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். வெப்பமடையும் குமிழ் விளக்கை விட மின்கலத்தில் இயங்கும் மூடிய எல்.ஈ.டி விளக்கு பாதுகாப்பானது. வடித்தெடுக்கும் பெட்ரோலை உலோகக் கொள்கலனில் மூடி வைக்க வேண்டும். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோலை உரிமம் இன்றி 30 லிட்டருக்கு மேல் வைத்திருத்தல் கூடாது.

படிமுறை

1. தொட்டியின் பழைய பெட்ரோல் முழுவதையும் வடித்துவிடுதல். பிசினாகிய பெட்ரோல் வார்னிசு போன்ற நெடி கொண்டிருக்கும். தொட்டியின் உட்புறத் துருவையும் இப்போதே பார்த்தல் நன்று.
2. தொட்டி முதல் கார்புரேட்டர் வரை குழாயின் வழித்தடத்தைப் பின்தொடர்ந்து, ஒவ்வோர் இணைப்பையும் வரைபடமாகக் குறித்தல். நிரப்பு வாய்க் குழாய், திரும்பும் குழாய், காற்றுப்போக்கிக் குழாய் ஆகிய மூன்றுமே மறக்கப்படுபவை.
3. ஓஸ்களை வெள்ளைத் துணியால் துடைத்தல். துணியில் கருமை ஒட்டினால் வெளியுறை சிதைகிறது என்று பொருள். பின்னர் வளைத்தும் விரல்களால் அழுத்தியும் பார்த்தல். விரிசல், உப்பல், கல் போன்ற இறுக்கம், பிசுபிசுப்பு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் குழாய் பயனற்றது.
4. கிளிப்பைத் தளர்த்தி அதன் அடிப்பகுதியைப் பார்த்தல். விரிசல் பெரும்பாலும் இங்குதான் தொடங்குகிறது.
5. ஓர் ஓஸைக் கழற்றி நீளவாக்கில் அறுத்து உட்புறத்தைப் பார்த்தல். ஒரே காலத்தில் பொருத்தப்பட்டவற்றுள் ஒன்று கெட்டிருந்தால் மற்றவையும் கெட்டவை எனக் கொள்ள வேண்டும்.
6. எஃகுக் குழாயின் கிளிப்புகளை நீக்கித் துருவைச் சுரண்டிப் பார்த்தல். துருவின் கீழே குழிகள் தெரிந்தால் குழாயை மாற்ற வேண்டும்.
7. உலோகக் குழாயின் இரு முனைகளையும் கழற்றி, குறைந்த அழுத்தக் காற்றால் ஊதி அடைப்பை அறிதல். பெட்ரோல் ஆவி நிறைந்த தொட்டிக்குள் காற்றை ஊதுதல் கூடாது.
8. ஒரு முனையை அடைத்து, கைப்பம்பால் இயங்கு அழுத்தத்தைவிடச் சற்று மிகுந்த காற்றழுத்தம் கொடுத்து, 10 முதல் 15 நிமிடம் வரை அழுத்தமானி இறங்குகிறதா எனக் கவனித்தல். உறிஞ்சு பகுதியை வெற்றிடப் பம்பாலும் சோதிக்கலாம்.
9. இயந்திரப் பம்பின் சவ்வைச் சோதித்தல். சவ்வு கிழிந்திருந்தால் பெட்ரோல் பொறி எண்ணெயில் கலக்கும். எண்ணெய் அளவுக்கோலில் பெட்ரோல் நெடி வீசுவது இதன் அடையாளம்.

இச்சோதனைகள் குழாய் கெட்டிருப்பதை உறுதிப்படுத்த வல்லவை. அது நன்றாக இருப்பதை உறுதிப்படுத்த வல்லவை அல்ல. வயது தெரியாத ரப்பர்க் குழாய் எல்லாச் சோதனைகளிலும் தேறினாலும் மாற்றப்பட வேண்டும்.

மாற்றுக் குழாய்கள்

அமெரிக்கத் தானுந்துப் பொறியாளர் கழகத்தின் (எஸ்.ஏ.ஈ) ஜே30 தரநிலை எரிபொருள் ஓஸ்களை வகைப்படுத்துகிறது. ஆர்6, ஆர்7 ஆகியவை கார்புரேட்டர் வண்டிகளுக்கான குறைந்த அழுத்தக் குழாய்கள். ஆர்9 தெளிப்பு முறைக்கு உரியது. அதன் உட்பூச்சு புளோரோ ரப்பரால் ஆனது. ஆர்10 தொட்டிக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் குழாய்க்கு உரியது. ஆர்14 ஆவி ஊடுருவுதலைக் குறைக்கும் வகை. புளோரோ ரப்பர் எத்தனால் கலவையை நன்கு தாங்குவதால், கார்புரேட்டர் வண்டியிலும் ஆர்9 குழாயைப் பயன்படுத்துவது பாதுகாப்பான தெரிவாகும். தரக்குறியீடு குழாயின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். தயாரிப்புத் தேதியும் அச்சிடப்பட்டிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். சென்னை புதுப்பேட்டை போன்ற உதிரிப்பாகச் சந்தைகளில் கிடைக்கும் பழைய இருப்பு, உறை பிரிக்கப்படாததாயினும், புதியது ஆகாது.

தண்ணீர் ஓஸ், வெற்றிடக் குழாய், சிலிக்கோன் குழாய், ஒளி ஊடுருவும் பி.வி.சி குழாய் ஆகியவை பெட்ரோலுக்குத் தகுதியற்றவை. துளைப்பட்டை கொண்ட திருகுக் கிளிப்புகள் மெல்லிய குழாயை அறுக்கக்கூடியவை. ஓரம் மடிக்கப்பட்ட, துளையற்ற பட்டைக் கிளிப்புகளே ஏற்றவை.

முதல் இயக்கம்

குழாய்களை மாற்றியவுடன் தொட்டியை நிரப்புதல் தவறு. ஓரிரு லிட்டர் பெட்ரோலை மட்டும் ஊற்றி, மின்பம்பு உள்ள வண்டியில் பொறியை இயக்காமல் பம்பை மட்டும் இயக்கி, ஒவ்வோர் இணைப்பையும் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். அதன் பின்னரே பொறியை இயக்க வேண்டும். பொறி சூடேறிய நிலையில் ஒருமுறையும், அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து ஒருமுறையும் பார்த்தல் இன்றியமையாதது. அணைத்த பின் பொறியறையின் வெப்பம் சிறிது நேரம் கூடும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் கிளிப்புகளை மீண்டும் இறுக்கிப் பார்ப்பது வழக்கம். பெயர்ந்து வரும் பிசின் காரணமாக முதல் சில வாரங்களில் வடிகட்டியை ஒருமுறையேனும் மாற்ற நேரும்.

கொங்கு நாட்டுப் பின்புலம்

கோயம்புத்தூர் தென்னிந்தியாவின் தானுந்துப் பண்பாட்டில் தனியிடம் பெற்ற நகரம் ஆகும். 1920இல் பேருந்துத் தொழிலைத் தொடங்கிய ஜி. து. நாயுடுவின் (1893-1974) பெயர் தாங்கிய ஜிடி கார் அருங்காட்சியகம் 2015இல் இங்கு திறக்கப்பட்டது. பந்தய வீரரும் வடிவமைப்பாளருமான சு. கரிவரதன், மாருதி 800 வண்டியின் 796 கன செ.மீ பொறியைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளை உருவாக்கினார். 1995இல் வான் விபத்தொன்றில் இறந்த அவரது பெயரைச் செட்டிபாளையத்தில் உள்ள கரி பந்தயத் தடம் தாங்கியுள்ளது. 2005இல் ஃபார்முலா 1 போட்டியில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்நகரத்தவரே.

கோயம்புத்தூருக்கு மேற்கே, நொய்யல் ஆற்றுப் படுகையில் அமைந்த தொண்டாமுத்தூர் வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை நெருங்க நெருங்க மழையும் ஈரமும் கூடுகின்றன. பாக்கும் தென்னையும் பயிராகும் இத்தகைய பகுதியின் தோட்டத்துச் சாளைகளில் நிறுத்தி வைக்கப்படும் வண்டிக்கு மூன்று இடர்கள் உள்ளன. ஈரக்காற்று பாதி நிரம்பிய தொட்டியின் உட்சுவரில் வியர்த்து நீராகிறது. எலிகள் ரப்பர்க் குழாயையும் மின்கம்பியையும் கடிக்கின்றன. கடித்த இரண்டும் அருகருகே இருந்தால் கசிவுக்குப் பக்கத்திலேயே மின்பொறியும் தோன்றும். மண்குளவிகள் காற்றுப்போக்கிக் குழாயின் வாயில் கூடு கட்டி அடைக்கின்றன. காற்றுப்போக்கி அடைபட்டால் தொட்டியில் வெற்றிடம் உண்டாகி, சிறிது தொலைவு ஓடியதும் பொறி நின்றுவிடும்.

விளையாட்டுத் தானுந்துகள் அரிதாக இருந்த நாட்டில் அவற்றின் உறவுமுறை வண்டிகள் பல ஓடின. 1961 முதல் சென்னையில் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு அவற்றுள் ஒன்று. அதன் மூலமான இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டின் சட்டகத்தைச் சுருக்கியே 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டுத் தானுந்து உருவாக்கப்பட்டது. எனவே ஹெரால்டைப் பழுதுபார்த்துப் பழகிய பணியாளர்களுக்கு ஸ்பிட்ஃபயரின் அமைப்பு அயலானது அன்று.

மூலத்தன்மையும் பாதுகாப்பும்

பழந்தானுந்து ஆர்வலர்களிடையே மூலப் பாகங்களைக் காப்பது மதிக்கப்படுகிறது. தொழிற்சாலையில் பொருத்திய ஓஸை மாற்றுவது வண்டியின் மூலத்தன்மையைக் குறைக்கும் என்னும் கருத்தும் உண்டு. இந்திய அரசு 2021 சூலையில் நடுவண் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிய வழிசெய்தது. சட்டகம், உடற்கூடு, பொறி ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்திருத்தல் கூடாது என்பது அவ்விதியின் நிபந்தனை. தேய்மானப் பொருளான எரிபொருள் ஓஸ் இவற்றுள் அடங்குவதில்லை. பழைய குழாயைக் கழற்றிப் பெயர்ச்சீட்டுடன் காட்சிக்காகப் பாதுகாத்து, ஓடும் வண்டியில் புதியதைப் பொருத்துவது இருதரப்பும் ஏற்கக்கூடிய வழியாகும். பழைய தோற்றத்தை விரும்புவோருக்காகத் துணிப்பின்னல் உறைக்குள் எத்தனால் தாங்கும் ரப்பர் அமைந்த குழாய்களும் விற்கப்படுகின்றன.

பந்தயத் துறை இச்சிக்கலை வயதைக் கொண்டே தீர்த்துள்ளது. பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் (எஃப்.ஐ.ஏ) எஃப்.டி3 தரநிலையின்படி செய்யப்பட்ட ரப்பர் எரிபொருள் பைகளின் பயன்பாட்டுக் காலம் 5 ஆண்டுகள். தயாரிப்பாளர் மீண்டும் சோதித்துச் சான்றளித்தால் மேலும் 2 ஆண்டுகள் நீட்டிக்கப்படும். அதற்குப் பின், பை எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும், அது பந்தயத்தில் அனுமதிக்கப்படுவதில்லை.